மேட்டு மூச்சு

மேல்கணக்குத் தேயிலைத் தோட்டத்துக்குக் கால்பந்து ஆட வரும் கீழ்த் தோட்டத்துப் பையன்கள் முதல் பாதியில் பறப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நாகலிங்கம் அணித் தலைவனாக இருந்த எட்டு வருடமும் அவன் போட்ட திட்டம் ஒன்றுதான்: முதலில் அவர்களை ஓடவிட்டுக் களைக்க வைப்பது, பிறகு கோல் அடிப்பது. "காத்து நம்ம பக்கம்டா" என்பான். பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஏறி வரவேண்டிய டிவிசன் அது. கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரம். புதிதாய் வருகிறவருக்குப் படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் கனக்கும். அதற்கு அங்கே மேட்டு மூச்சு என்று பெயர். மூன்று மாதத்தில் பழகிவிடும் என்பார்கள். கீழிருந்து கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு அந்த மூன்று மாதமும் சரிவின் அடியில் இருக்கும் நிரையைத்தான் கொழுந்தெடுக்கக் கொடுப்பார்கள்.

விஜயகலா கீழே கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து நாகலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பால்வெட்டிய கைக்குக் கொழுந்து ஒரு வாரத்தில் பிடிபட்டது. மூச்சுதான் பிடிபடவில்லை. கொழுந்து நிறுக்க ரோட்டுக்கு ஏறும்போது பாதி வழியில் நின்று, தலைத்துண்டைச் சரிசெய்வது போலப் பாவனை செய்வாள்.

லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்த ஜெயம்மா விடமாட்டாள். "என்னடி ரப்பர்காட்டு ராணி, மேட்டப் பாத்துக் கும்புடுறியா?"

"கும்புட்டாலாவது கொஞ்சம் எறங்கி வருமான்னு பாக்குறேன்க்கா."

கேட்டுச் சிரித்துவிட்டு ஜெயம்மாவே அவளுடைய மூட்டையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வாள்.

மூன்று மாதம் ஆறானது, வருடமானது. அடி நிரையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கங்காணிகள் மாறினார்கள், கடைசியாக வந்த சுப்பவைசர் தினேஷும், "விஜயகலாக்காவுக்குக் கீழ நிரை" என்று சொல்லியே பிரித்துக் கொடுத்தான். பத்தொன்பது வருடம் அவளுக்கு அது கிடைத்தது. அன்பினால் கொடுத்தது.

தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனால் பத்து நாள் இருப்பாள். ஐந்தாம் நாளே முகத்தில் நிறம் வந்துவிடும். கூட்டிக்கொண்டு போக வரும் நாகலிங்கம் மாமியாரிடம் சிரித்துக்கொண்டே சொல்வான்: "பாத்தீங்களா அத்தை? ஆளுக்கு ஒண்ணுமில்ல. காத்துதான்." அந்தப் பத்து நாளும் அம்மா அவளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடவில்லை என்பதை அவன் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

மகன் மதுசன் வயிற்றில் இருந்தபோது கிளினிக் டொக்டர் குழாயை அவள் நெஞ்சில் நெடுநேரம் வைத்துக் கேட்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருதயத்தைக் காட்டும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார். தேதி வந்தபோது அவள் பிரசவத்துக்குக் கீழே போயிருந்தாள். அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்தபடி, மூச்சு பரவாயில்லை என்று போனில் சொன்னாள்.

"கீழ போனதுமே சரியாயிட்டா அது இருதயமா புள்ள? மேடுதான்," என்றான் நாகலிங்கம். "என்னத்துக்கு அவ்வளவு தூரம் அலையிற."

அவளுக்கும் அதைக் கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலும் காட்டச் சொன்னார்கள். இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

போன வருடம் கால் வீங்கத் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். தண்ணீர்ப் பீலியிலிருந்து லயத்துக்கு ஏறும் இருபது படியில் நான்கு தரம் உட்கார்ந்தாள். நாகலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தான்.

"கீழயே போயிருவம். ஒங்க அண்ணன் வீட்டுப் பக்கம் எனக்கும் பால்வெட்டு வேல கெடைக்கும்."

"எனக்கு ஆளுக இங்கதாங்க இருக்கு," என்றாள் அவள். "அங்க இப்ப யாரத் தெரியும் எனக்கு?"

"மூச்சு இருந்தாத்தானே ஆளு."

அவன் செக்ரோல் பதிவில் பேரை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தான், காம்பராவை ஒப்படைத்தான், சாமான்களை லொறியில் ஏற்றினான். தன் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாம் வாரம் கிணற்றடிக்குப் போனவள் முற்றத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் சமதரை, முப்பது அடிகூட இல்லை. நாகலிங்கம் ஓடிவந்து அவளைப் பிடித்தான். சுற்றிப் பார்த்தான். குற்றம் சொல்ல ஒரு மேடு இல்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கந்த நிசா நெவெய்" என்று சிங்களத்தில் சொன்னார். மலையால் வந்தது இல்லையாம். அந்த உயரத்தில் காற்று கொஞ்சம் மெல்லிசுதான். சுகமான ஆள் சில வாரம் இரைப்பான், பிறகு உடம்பு தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருடம் இரைக்கமாட்டான். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறதா என்று கேட்டார். விஜயகலா ஆமென்று தலையசைத்தாள். அந்தக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைக் கெடுத்து மெல்ல மெல்லச் சுருக்கிவிட்டது. மேடு ஏறும்போது அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இதைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லலாமென்று நாகலிங்கம் வார்த்தை தேடினான். தேவைப்படவில்லை. சிங்கள வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அவனைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். மதுசன் வயிற்றில் இருந்தபோதே காட்டியிருந்தால் என்று அவளே டொக்டரிடம் கேட்டாள். அப்போது அந்த வால்வைத் திறந்துவிட்டிருக்கலாம், இப்போது நுரையீரலும் கெட்டுவிட்டது என்றார் அவர். கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினாள்.

"அப்ப மேலயே இருந்திருக்கலாமேங்க."

அவன் மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"திரும்பிப் போயிருவமா?"

"காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க புள்ள."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவனைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

கொழும்பிலிருந்து தேதி வருவதற்கு முன், கீழே வந்த நாற்பத்து மூன்றாம் நாள் பகலில், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போனாள். மறுநாள் மேல்கணக்கு ஆட்கள் லொறி பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர்களுக்காகத்தான் பெட்டியை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

ஜெயம்மா அழுது முடித்துவிட்டு அவனருகில் வந்து உட்கார்ந்தாள். "அந்த மேடு தின்னுருச்சு தம்பி அவள."

தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அவன் சொன்னான். காய்ச்சலை, வால்வை, போகாமல் விட்ட இரத்தினபுரியை, போனில் தான் பேசியதை, ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஜெயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் பெட்டியைப் பார்த்தாள். விஜயகலாவின் மூட்டையை வாங்கித் தூக்கிய தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி," என்றாள். "மேடுதான். நீங்க அப்பிடியெல்லாம் பேசாதீங்க."

பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான்.