காத்திருக்கும் கார்டு

நாமக்கல்லில் ஓர் இணையச் சேவை அலுவலகத்தில் ரவுட்டர்களைக் கவனிப்பது என் வேலை. பெரிய ரவுட்டரில், தரவு எந்த வழியில் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் கார்டுகள் இரண்டு. ஒன்று இயங்கும், மற்றது காத்திருக்கும். அன்று இயங்கிய கார்டு பழுதாகி, மற்றது பொறுப்பேற்றது. "நெட்டு நிக்கவே இல்லீங்களே!" என்று போனில் ஒரு வாடிக்கையாளர் சிரித்தார். பழையதைச் சரிசெய்து மாட்டினேன். ஆனால் இயங்கும் இடம் அதற்குத் தானாகத் திரும்பாது. இனி அதுதான் காத்திருக்க வேண்டும்.

மாலையில் என் குழந்தையை அழைத்துவரப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பகலெல்லாம் அவளை அந்த வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்கிறார். விளையாடிக்கொண்டிருந்தவள் தடுக்கி விழுந்தாள். கைகளை நீட்டினேன். என்னைத் தாண்டி ஓடி அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"சாமி, அம்மா வந்திருக்காங்க பாரு. போ கண்ணு."

அவள் திரும்பவே இல்லை.

"நான் அப்புறமா வரட்டுங்களா அக்கா?" என்றேன்.

ஒரு தாய் கேட்கும் கேள்விதானா அது?