ஆபரேஷன் அறைக்கு மேலே ஊற்றிய தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதத்து மதியம். குமாரபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தேன். குழந்தை குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. எனக்குக் கத்தியைவிடச் சீழ்தான் பயம். எங்கள் தெருவில் ஒருத்திக்குப் பிரசவத் தையல் சீழ் பிடித்து, அவள் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்த நேரம் பார்த்து கரண்ட் போனது. அங்கிருந்த ஜெனரேட்டர் விளக்குக்குத் தாங்கும், ஏ.சி.க்குத் தாங்காது. அறை அனலாய்க் கொதித்தது.

வெளியே இருந்த என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்தால் சும்மா இருப்பாரா? சைக்கிளில் பறந்துபோய், எங்கள் தறிக்கூடத்து டேபிள் ஃபேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, காது நன்றாகவே கேட்டது.

“தொடச்சுட்டுத்தானுங்க டாக்டரம்மா கொண்டாந்தேன். உள்ள வேத்து ஊத்துதுன்னு நர்சம்மா சொன்னாங்க.”

டாக்டரம்மா மூடிய கதவுக்குள் இருந்தபடியே பதில் சொன்னார். “தறிக்கூடத்து ஃபேன் வேண்டாமுங்க, பஞ்சு இருக்கும். புதுசா இருந்தாலும் தரையில கெடக்கற தூசியக் கெளப்பி வயித்துக்குள்ள போட்டுருமுங்க. ஜன்னலையும் தெறந்தராதீங்க.”

“அப்ப நான் சும்மா நிக்கோணுங்களா?”

“மாடியில தண்ணி ஊத்துங்க. மேல குளுந்தாப் போதும்.”

அது அவருக்குக் கைவந்த வேலை. கோடையில் நூல் காய்ந்து அறுந்து தொலையும் என்று எங்கள் தறிக்கூடத்து மாடியில் ஈரச்சாக்கு பரப்புவோம். ஆஸ்பத்திரி மாடியிலும் அப்படியே பரப்பி, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார். உள்ளே எனக்கு ஜன்னலுக்கு அப்பால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மழைதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டரம்மாவின் நெற்றியை நர்ஸ் ஒற்றிக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு வியர்வைகூட என்மேல் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மகள் அழுதாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் புடவையைப் பிழியலாம் போலிருந்ததாம். வீட்டுக்காரரோ செருப்பை ஆஸ்பத்திரி வாசலிலேயே கழற்றிவிட்டு மாடிக்கு ஓடியதில், சாக்கு நனைவதற்குள் பாதமெல்லாம் கொப்புளம். இருவரையும் பார்த்தால் ஆபரேஷன் யாருக்கென்றே தெரியவில்லை என்று என் தங்கை கேலி செய்தாள்.

தையல் பிரித்த அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். டாக்டரம்மா விரலால் மெல்லத் தடவிப் பார்த்து, “சீழெல்லாம் இல்ல, நல்லாக் கூடியிருக்குது சாமி” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் வயிற்றில் இன்றும் மெல்லிய கோடாக அந்தத் தழும்பு இருக்கிறது. உள்ளே புழுக்கத்தில் நின்றவரும் மேலே வெயிலில் நின்றவரும் சேர்ந்து போட்ட தையல் என்றுதான் அதை நினைக்கிறேன்.