சொந்தக்காரருக்கு ஆலோசனை கூடாது

வழிபாட்டுக்கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து பல வருஷமாக ஊரார் துக்கத்தைக் கேட்டுவந்த ஆலோசகரம்மாவுக்கு, ஆன்மிக ஆலோசகர் சங்கம் அனுப்பிய விதிகளைப் படித்ததும் கோபம் தலைக்கேறியது. அங்கீகாரச் சான்றிதழ் இல்லாதவர்களை இனிமேல் மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே விட மாட்டார்களாம். சரி, தொலையட்டும் என்று பரீட்சை எழுதினார். தன் வயதில் பாதிகூட ஆகாதவர்கள் பிறர் பேசுவதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று பாடம் நடத்தியதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஒரு விதியை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. சொந்தக்காரருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அப்படி யாராவது வந்துகொண்டிருந்தால் வேறொரு ஆலோசகரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும்.

வந்துகொண்டிருந்தது அவருடைய தம்பி பெண்டாட்டி. வியாழக்கிழமை தவறாமல் வருவாள். தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது, மனசு சரியில்லை. அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயராது. வெயில் மண்டையைப் பிளந்தாலும் முழுக்கை ரவிக்கைதான். ஆலோசகரம்மா மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பார், பிரார்த்தனை செய்வார். போகிற வழியில் தம்பியின் கடைக்குள் நுழைந்து, அவள் முகமே சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று உரிமையோடு சொல்லிவிட்டும் போவார். நாத்தனார் என்றாலே கரித்துக்கொட்டுகிற உலகத்தில் இப்படியொரு நாத்தனார் எவளுக்கு வாய்ப்பாள் என்று அவருக்கே தன்மேல் கொள்ளைப் பெருமை.

சங்கத்து மேற்பார்வையாளரிடம் போய் மல்லுக்கு நின்றார். "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்லுவாங்க. வெளியாளுக்கு அந்தத் துடிப்பு வருமா?"

"அதனாலதான்மா கூடாதுங்கிறோம்" என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் என்ன பேசுவது? நாளைக்குப் பெற்ற மகளுக்குப் புத்தி சொல்லவும் இவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கிறது. முணுமுணுத்தபடியே அடுத்த வியாழக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு, ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த இளம் ஆலோசகரிடம் போனார். அந்தப் பெண், ஆலோசகரம்மாவை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. எனக்கே கதவா?

பத்து நிமிஷத்தில் தலைவலிக் கதை தீர்ந்துவிடும் என்று நினைத்தார். தீரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. பின்னறையில் ஒரு நாளும் அவர் கேட்டிராத அழுகை.

திரும்பி இறங்கும்போது படிக்கட்டிலேயே கேட்டுவிட்டார். "என்கிட்ட வராத அழுகை அவகிட்ட எப்படி வந்துச்சு?" அதுவும் கேட்கக் கூடாத கேள்விதான்; உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்பதும் சங்கத்து விதி.

அவள் நின்றாள். பிறகு ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். பழைய தழும்புகள், புதிதாகக் கன்றிப்போன காயங்கள்.

"உங்க தம்பி அடிக்கிறதை உங்ககிட்டயே எப்படிச் சொல்றது, அண்ணி? நீங்க கடைக்குப் போய்ப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு வருவீங்கல்ல, அன்னிக்கு அடி இன்னும் கூடுதலா விழும். அக்காகிட்ட என்னத்தைச் சொன்னேன்னு கேட்டுக் கேட்டு."

ஆலோசகரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் சங்கத்தின் மேல் கொட்டிய எரிச்சலெல்லாம் அவர்மேலேயே திரும்பியது. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இனி அந்த வீட்டுக்குப் போகப்போவதில்லை என்றும், சிநேகிதி ஒருத்தி வரச் சொல்லியிருக்கிறாள் என்றும் நிதானமாகச் சொன்னாள்.

கைபேசி அடித்தது. தம்பி. வியாழக்கிழமைதோறும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான். "இன்னிக்கு என்னக்கா சொன்னா?"

எத்தனையோ தடவை நல்லது செய்கிற நினைப்பில் பதில் சொன்ன வாய் அது.

"அதைச் சொல்லக் கூடாதுடா" என்றார். "சங்கத்து விதி."

"என்ன விதி? சரி, அவ எங்க இருக்கா?"

"அதையும்தான்."