பாப்பாத்தி முயல், நான் அணில்

பாப்பாத்தி போயிட்டாளாமுங்க.

காத்தால அவ மக போன் பண்ணிச் சொல்லுச்சு. நெஞ்சு வலின்னாளாம், ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு...

சென்னிமலை போற வழியில பஸ்ஸுல உக்காந்து இதை எழுதறேன். சிங்காநல்லூர் மில்லு லைன் ஊட்டுல எங்ககூட இருந்தவங்க நெறையப் பேரு இந்த வாட்ஸப் குரூப்புல இருக்கீங்க, தெரிஞ்சுக்குங்க.

எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லைங்கறது உங்களுக்கெல்லாம் தெரியும். காரணத்தை அவ வேற மாதிரி சொல்லியிருப்பா. அதனால நானே சொல்லிப்போடறேன்.

எம்பொண்ணு காதுகுத்துக்கு நான் ஆக்குன அரிசிம்பருப்புச் சோத்தை வாயில வெச்சவ, பந்தியில அத்தனை பேரு முன்னால, "பருப்பு இன்னும் தூங்கி எந்திரிக்கலையாட்ட இருக்குதுங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. என்ற நாத்தனாளும் சிரிச்சா, அவ சங்கதி தனி.

பருப்பு நல்லாத்தான் வெந்திருந்துச்சு. இன்னைக்கும் சொல்றேன்.

அன்னைக்கோட பேச்சு கட். நடுவுல ஒரே சொவரு, ஒரே தண்ணிப் பைப்பு, ஆனாப் பேச்சில்ல. மொதல்ல வாயத் தொறக்கறவங்க தோத்தவங்க... நம்ம பக்கத்து வழக்கம் தெரியுமல்லங்க.

அப்பத்தான் சிங்கப்பூர்ல இருந்து அவ தம்பி ஒரு வீடியோ கேம் பொட்டி கொண்டாந்தான். தொண்ணூறுகள்ல, நம்ம லைன்ல அதுதான் மொதல் பொட்டி.

கூட ரெண்டு கேசட்டு. மொதல் பாகத்துல பொம்மை அணில் ஒண்ணு மட்டும் தனியா ஓடும், குதிக்கும். ரெண்டாம் பாகத்துல அதுக்குத் துணையா ஒரு முயல். ரெண்டையும் ஒரு கொடியில கட்டி விட்டிருப்பாங்க.

பொட்டி அவளுது. ஆனா அவ ஊட்டு டிவி கருப்பு வெள்ளை. செவப்புக் காளான் தின்னா தெம்பு, பச்சைக் காளான் தின்னா சாவு. கருப்பு வெள்ளையில எது எதுன்னு ஆருக்குத் தெரியும்? அவ முயல் செத்துச் செத்து விழுந்துச்சு.

கலர் டிவி இருந்தது எங்கூட்டுல.

எங்க ஊட்டுக்காரங்க ரெண்டு பேரும் சிநேகம். பொட்டியக் கொண்டாந்து எங்க டிவியில மாட்டி, ஒரு ஆட்டம் ஆடிப்போட்டு ஷிப்ட்டுக்குப் போயிட்டாங்க. மத்தியானம் பாத்திரம் கழுவி வெச்சுட்டுத் திரும்பறேன்... வாசப்படியில அவ.

அவ டிவியப் பாத்தா. நான் சொவத்தைப் பாத்தேன். உள்ள வந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துட்டு உக்காந்துட்டா.

கொடி எட்டற தூரந்தான் ஓட முடியும். ஒருத்தி முந்துனா இன்னொருத்தி இழுபட்டுப் பள்ளத்துல விழுகோணும். பேசாம எப்படி ஆடறது?

அவளே டிவியப் பாத்துச் சொன்னா: "ஏனுங்க அணிலு, கண்ணு தெரியுதுங்களா? முள்ளம்பன்னி வருதுங்க."

நான் விடுவனா? "முயலுக்கு என்னங்க அவசரம்? ஊட்டுல சட்டி தீயுதுங்களா?"

"கொட்டையெல்லாம் நான் ஒருத்தியே பொறுக்கோணுமுங்களா?"

"பொறுக்குங்க, பொறுக்குங்க. அடுத்தவங்க ஊட்டுல பொறுக்கறது பழக்கந்தானுங்களே."

கோவம் ஏற ஏற 'ங்க'வும் ஏறும்.

முள்ளம்பன்னி மேல அப்படியே குதிச்சா நாமதான் சாவோம். முயல் அதை ஒதைச்சு மல்லாத்தோணும், அப்புறம் அணில் வயித்துல குதிக்கோணும். ஒதைக்கறதுல பாப்பாத்திய அடிச்சுக்க ஆளில்ல. அவ காதுல விழுகற மாதிரி நான் இதைச் சொன்னதில்ல.

நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி மொத ஸ்டேஜ். அப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்து கரண்டுக்காரனைத் திட்டுவோம். அது பேச்சுல சேராது.

ஒரு நாள் கடைசி ஸ்டேஜுக்கே போயிட்டோமுங்க. பாறை உச்சி, மேல ஒரு ராட்சசக் கழுகு, முட்டை முட்டையாப் போட்டு அடிக்குது. முயல் குனியோணும், அணில் அது முதுகுல ஏறிக் குதிச்சுக் கழுகு மண்டையில போடோணும். எங்களுக்கு ஆளுக்கு ஒரே லைப். கழுகுக்கு இன்னும் ஒரே அடி.

குதிச்சேன். எட்டலை. பாறையத் தாண்டி விழுந்து கொடியில அந்தரத்துல தொங்கறேன். மேல முயல் பட்டனை அமுக்கி அமுக்கி என்னைய இழுக்குது...

"சரசு, புடிச்சுக்கடி! விட்டுராத!"ன்னு கத்திப்போட்டா.

டிவி மட்டும் டொய்ங் டொய்ங்னு...

"மொதல்ல பேசுனது ஆருங்க?"ன்னு சொவத்தைப் பாத்துக் கேட்டேன்.

"நான் அணிலத்தானுங்க சொன்னேன்."

"அணிலுக்குச் சரசுன்னு ஆருங்க பேரு வெச்சது?"

"நாந்தான் வெச்சேனுங்க. மூஞ்சியப் பாத்து வெச்சது."

இந்தப் பஞ்சாயத்துல பட்டனை விட்டுப்போட்டா. நான் தொங்கிட்டிருந்தவ, எனக்கு அமுக்கறதுக்கு ஒண்ணுமே கெடையாது. விட்டது அவதான். கழுகு ரெண்டு பேரையும் முடிச்சுருச்சு.

ஒயரைப் புடுங்கி, பொட்டியக் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிட்டா. அதோட ஆட்டமும் போச்சு.

பொறகு மில்லை மூடுனாங்க, அவங்க சொந்த ஊரு சென்னிமலைக்கே போயிட்டாங்க.

எம்பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சோம், வந்தா. பந்தியில பருப்பை வெரல்ல நசுக்கிப் பாத்தா... நான் தூணு பக்கத்துல நின்னு பாத்துட்டேதான் இருந்தேன். எலையில ஒரு பருக்கை மிச்சமில்ல. கை கழுவப் போறப்ப தூணைப் பாத்து, "இன்னைக்கு முழிச்சிருக்குதுங்க"ன்னா.

தூணுகிட்டத்தான சொன்னா, தூணே பதில் சொல்லட்டும்.

காத்தால அவ மக, "நீங்க வருவீங்களாங்க பெரிம்மா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. "கெட்டதுக்கு ஆரும் அழைக்கோணும்னு இல்ல கண்ணு"ன்னேன்.

பாப்பாத்தி... பஸ்ஸு இப்பத்தான் அவிநாசி தாண்டுது. பெருந்துறையில எறங்கி வேற பஸ் மாறோணும்.

எடுக்கறதுக்குள்ள வந்தர்றேன்டி.