குடையில் ஒரு சிவப்புக் கோடு

எந்தக் கதவைக் கண்டாலும் யசோதா தன் குடையைக் குறுக்கே பிடித்துப் பார்ப்பாள். மடித்த குடையின் பிடிக்குக் கீழே நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. நுனியிலிருந்து அந்தக் கோடு வரை ஒரு சக்கர நாற்காலியின் அகலம். வார்டுக் கதவு, கேண்டீன் கதவு, கக்கூஸ் கதவு எல்லாம் அளந்தாயிற்று. வத்தேகமயிலிருந்து பஸ்ஸில் வருகிற சமூகப்பணி மாணவி, எங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி. "அளக்காம எப்படி மிஸ்ஸி ரிப்போட் எழுதுறது?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இருபது வருடமாக நர்ஸ், எனக்குத் தெரியாததா?

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் டொக்டர், நான், பிசியோ சோதிலிங்கம் மூவரும் பேசி முடித்த பிறகுதான் அவள் முறை. பெரும்பாலும் அதற்குள் டொக்டர் எழுந்துவிடுவார். அவளும் கொப்பியை மூடிவிடுவாள்.

சென்ற வாரக் கூட்டத்தில் மூக்காயியை வீட்டுக்கு அனுப்ப டிஸ்சார்ஜ் துண்டு வெட்டுவதாக இருந்தோம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தாயிற்று. வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இரண்டு நாளாகத் தலைசீவி, பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"வீட்டுக்குப் படி ஒண்டும் இல்லையெண்டு அவவே சொன்னவ," என்றார் சோதிலிங்கம். மூவரும் கையெழுத்திட்டோம். டொக்டர் கதிரையைப் பின்னே தள்ளினார்.

"கொஞ்சம் இருங்க டொக்டர்." யசோதா கொப்பியைத் திறந்தாள். "நேத்து அவங்க லயத்து வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். ரோட்டிலருந்து எழுபத்திரண்டு படி எறங்கணும். கக்கூஸ் இன்னும் கீழ. நாற்காலி கதவுல நுழையாது."

டொக்டர் மறுபடி உட்கார்ந்தார். ரோட்டோரமாக ஓர் அறை கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதுவது, அது கிடைக்கும் வரை மூக்காயி இங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. கையெழுத்திட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

அதை மூக்காயியிடம் சொல்ல யசோதாவே போனாள். நானும் கூடப் போனேன். மூக்காயி கடைசிவரை கேட்டாள்.

"பொய்தான் சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க. நீ மட்டும் ஏன் புள்ள மலையேறிப் போய்ப் பாத்த?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். யசோதாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கட்டிலை விட்டு நகரவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்காயி திரும்பாமலே கையை நீட்டி, அந்தக் குடையை வாங்கினாள். சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "எங்க வாசல் இதுவரைக்குந்தான் வரும்," என்று நுனிப்பக்கமாக, கோட்டுக்கு நாலு விரல் முன்னாலேயே பெருவிரலை வைத்து அழுத்தினாள்.