தகப்பனைவிட மூத்த மகன்

எங்கள் சபையின் கமிட்டிக் கூட்டங்களில் நடந்ததைப் பதிந்துவைக்கும் மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

சந்தாபுராவில் எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு வேதபாட வகுப்பை அப்போது நான்தான் நடத்தினேன். கமிட்டிச் செயலாளரும் நான்தான். வேதத்தில் ஒரே செய்தி இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வந்தால், முரண்பாடே இல்லை என்று நிறுவிக் காட்டுவதில் எனக்குப் பெருமை. கூடவே பாடம் எடுத்தவர் என் தொழிற்சாலை நண்பர். இளையவர், என்னை அண்ணே என்பார்.

ஒரு ஞாயிறு பைபிளில் வரும் அகசியா ராஜாவைப் பற்றிய பாடம். பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்கிறது ராஜாக்களின் புத்தகம். நாற்பத்திரண்டு என்கிறது நாளாகமம் என்ற இன்னொரு புத்தகம். அவன் அப்பா செத்ததோ நாற்பது வயதில். நாற்பத்திரண்டு அவன் வயதல்ல, அவன் தாய்வழி வம்சம் ஆளத் தொடங்கி ஆன வருடங்கள் என்று பலகையில் கூட்டிக் காட்டினேன்.

பின்வரிசையிலிருந்து நண்பர் பேசினார். "அப்பனைவிட மகன் ரெண்டு வயசு மூத்தவனாண்ணே? நகல் எடுத்தவர் கை தவறிடுச்சுன்னு விட்டுடலாமே. நம்ம இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்ல வராத தப்பா?"

வகுப்பே சிரித்தது.

அதே சந்தேகத்தை என் நோட்டில் பென்சிலால் எழுதி, நானே அழித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. வசனத்தைக் கேலி செய்தார் என்று கமிட்டியில் புகார் வைத்து, அவரை வகுப்பு எடுக்கவிடாமல் செய்தேன். மினிட்ஸில், சொந்தக் காரணங்களால் அவராகவே விலகினார் என்று எழுதினேன். பாதியில் விட்டுப் போனவர் என்ற பேர் அவருக்கு நிலைத்தது. சில மாதங்களில் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இந்த வருடம் அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லி மூன்று முறை கமிட்டிக்குப் போனேன். நிறைவேறிய மினிட்ஸைத் தொட முடியாது என்றார் இப்போதைய செயலாளர், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவர். "விடுங்க அங்கிள், யாருக்கு ஞாபகம் இருக்கு?"

போன வாரம், நண்பர் தன் மகளோடு வசிக்கும் வைட்ஃபீல்டுக்குப் போனேன். பஸ், மெட்ரோ, அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டியின் கேள்விகள் எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த பென்சில் எழுத்தையும்.

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். "நானா போனேன்னு மினிட்ஸ்ல இருக்கு. நீங்க அனுப்பினீங்கன்னு என் வீட்ல தெரியும். ரெண்டையும் ஒத்துப்போக வைங்கண்ணே. உங்களுக்குக் கைவந்த வேலைதானே?"

வெட்கக்கேடு, ஒரு விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "முடியாதுப்பா. ஒண்ணு பொய்" என்றேன்.

"அதை வகுப்புல சொல்லுங்க" என்றார்.

இந்த ஞாயிறு, அகசியாவின் வயதில் தொடங்கி மினிட்ஸ் பொய்வரை வகுப்பில் சொன்னேன். அவர் வரவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் புதியவர்கள். அவரை அறிந்தவர்கள் நான்கே பேர். அந்த நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் புதியவர்களில் ஒருவர் ஆர்வமாக என்னிடம் வந்தார். நண்பரைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அங்கிள், அந்த நாற்பத்திரண்டுக்கு இன்னொரு விளக்கம் இருக்கு" என்றார்.