டிரைவர் வீட்டுக் கல்யாணம்

தீனதயாளனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரூட்டு. அச்சரப்பாக்கத்தில் கிளம்பி, கடப்பாக்கம் தொட்டு, கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கி, முகத்துவாரம் வரைக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐந்து குப்பங்கள். ஒரு பக்கம் உப்பங்கழி, மறு பக்கம் கடல், நடுவில் ஒற்றை ரோடு. அதைத் தீவு என்று எந்த ஆபீசிலும் எழுதி வைக்கவில்லை. குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, மார்க்கெட்டு, பெரிய பள்ளிக்கூடம் எல்லாமே பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். அந்த ஒரு டவுன் பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோகூட உள்ளே எட்டிப் பார்க்காது.

மனுஷன் வண்டி ஓட்டுவதில் கெட்டி. குண்டும் குழியுமான அந்த ரோட்டில், மடியில் தூங்குகிற குழந்தை முழித்துக்கொள்ளாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆனால் பேச்சு? ஐயோ, அதை மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு நானூறு பேரை ஏற்றி இறக்குகிறவர், நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். டிரைவரோடு பேசக்கூடாது என்று தலைக்கு மேலே எழுதிப் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதை ஊரே மதித்தது. ஜனங்கள் கண்டக்டரோடு சண்டை போடும், சிரிக்கும், ஒப்பாரிகூட வைக்கும். முன்னால் உட்கார்ந்திருக்கிறவரின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வரும். அவரும் கண்ணாடியில் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு போவார்.

ஒருவர் பேரும் அவருக்குத் தெரியாது. பாலத்தம்மா, ஐஸ் கம்பெனி தாத்தா, குடைக்காரப் பொண்ணு, இப்படித்தான் மனசுக்குள் வைத்திருந்தார். முகத்துவாரத்தில் ஏறுகிறவள் கூடைக்காரம்மா. அவள் பேர் கன்னியம்மா என்பதும் இவருக்குத் தெரியாது. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் எடுத்தால்தான் அவளுக்குப் பொழப்பு. அதனால் தினமும் அவள் லேட்டு. தினமும் இவர் இன்ஜினை அணைத்துவிட்டு அவளுக்காகப் பத்து நிமிஷம் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று அவள் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே விவசாயக் குடும்பம். கிணற்றுப் பாகத்தில் அண்ணன் தம்பிகளோடு முட்டிக்கொண்டு, பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெண்டாட்டி வசந்தா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் திவ்யா, நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, ஹாஸ்டல் வாசம். ஞாயிற்றுக்கிழமை வருவாள். மற்ற ஆறு நாளும் ஒரு ஆளுக்கு ஒரு ஆழாக்கு சோறு. டிவியைப் போட்டு வைப்பார். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு.

திவ்யாவுக்குக் கூடவே வேலை பார்க்கிற ஹரிஹரனோடு கல்யாணம் முடிவானது. செங்கல்பட்டுப் பையன். பெரிய குடும்பம், சித்தப்பா பெரியப்பா என்று ஒரு வேன் கொள்ளாது. நிச்சயதார்த்தத்தன்று பையனின் அப்பா ராஜாராம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்க சைடு எத்தினி பேரு வருவாங்க சம்பந்தி? சமையலுக்குச் சொல்லணுமே."

திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்துவிட்டார் மனுஷன். நாதியத்த பெண் என்று நாளைக்கு யாராவது வாய் திறந்து ஒரு சொல் சொல்லிவிட்டால்? அந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"எரநூறு பேரு வருவாங்க."

எரநூறாம்! வீட்டுக்கு வந்து நோட்டில் பேர் எழுத உட்கார்ந்தார். கண்டக்டர் தாமோதரன், அடுத்த வீட்டுக்காரர்கள், டிப்போவில் நாலு பேர். பேனா எட்டோடு நின்றுவிட்டது.

மறுநாள் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது கண்ணாடியைப் பார்த்தார். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு வந்தது கூட்டம். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை, இவர்களையே கூப்பிட்டால் என்ன?

நம் பக்கத்தில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வீடு தேடிப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து, கவரில் பேர் எழுதி, அவசியம் வரணும் என்று வாயால் கூப்பிட வேண்டும். போகிற போக்கில் கையில் திணித்தால், போனால் போகட்டும் என்று கூப்பிட்டதாக அர்த்தம். ரோஷக்காரர்கள் வாசல் மிதிக்க மாட்டார்கள். இவருக்கு அங்கே ஒரு வீடுகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஸ்டாப்பிங்தான். கவரில் எழுதப் பேருக்கு எங்கே போவது? தாமோதரனைக் கேட்டார்.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? டிக்கெட்டுல பேரா கேக்குறோம்?" என்றான் அவன்.

சரி என்று இவராகவே எழுதினார். 'பாலம் ஸ்டாப்பிங் அம்மா குடும்பத்தினர்.' 'ஐஸ் கம்பெனி தாத்தா குடும்பத்தினர்.' சிரிக்காதீர்கள், வேறு என்னதான் எழுதுவார்? ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எவர்சில்வர் தட்டோடு கீழே இறங்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் டிரைவர் இறங்கி நின்று யாரும் பார்த்ததில்லை. வண்டியில் என்னமோ கோளாறு என்று நினைத்துப் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம். வரணும்" என்றார். தட்டை நீட்டிய வேகத்தில் குங்குமம் கொட்டியது. முகத்துவாரத்தில் கன்னியம்மா மீன் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வண்டி நாற்பது நிமிஷம் லேட்டு.

இருநூறு பேருக்குச் சமையல் சொன்னார். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். தாமோதரனும் கூடவே லீவு போட்டான். பெண் வீட்டு வேலை பார்க்க அவனை விட்டால் ஆள் ஏது?

முகூர்த்தம் காலை எட்டு மணிக்கு, அச்சரப்பாக்கத்தில், ஜிஎஸ்டி ரோட்டு மேலேயே மண்டபம். ஏழு மணிக்கே மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்து நின்றன. தீனதயாளன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றார். முதல் டிரிப் ஏழே காலுக்கு வந்துவிடும், எல்லாரும் அதில்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். ஏழே கால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. டிப்போக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள், அன்றைக்குப் பெரிய முகூர்த்தம், டியூட்டி இருக்கிறது என்று டிபனைச் சாப்பிட்டுவிட்டு ஓடினார்கள்.

மண்டபத்தில் இடது பக்கம் பெண் வீட்டுக்கு என்று நாற்காலி போட்டிருந்தது. பத்து வரிசை. முதல் வரிசையில் அடுத்த வீட்டுக்காரர்கள் மூன்று பேர். மேடையில் உட்கார்ந்திருந்த திவ்யா புகைக்கு நடுவே வாசலையே பார்த்தாள்.

"இன்னா, பொண்ணு வூட்டுக்காரங்க இன்னும் வர்லியா?" என்று மாப்பிள்ளையின் அத்தை சத்தமாகவே கேட்டாள். ராஜாராம் நல்ல மனுஷர், தன் பக்கத்து ஆட்களை எழுப்பிக் காலி நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நல்ல மனசுதான் தீனதயாளனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தாலி கட்டும்போது பெண் பக்கத்தில் நின்று அட்சதை போட்டவை அத்தனையும் இரவல் கைகள்.

சாம்பார் அண்டா தொடாமல் கிடந்தது. மத்தியானம் மிச்சத்தை ஒரு ஆசிரமத்துக்கு ஆட்டோவில் அனுப்பினார்கள். திவ்யா கிளம்பும்போது அப்பாவின் காதோரம், "பரவால்லப்பா, வுடுப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு காரில் ஏறினாள். வீட்டுக்கு வந்தவர் டிவியைக்கூடப் போடவில்லை. பட்டு வேட்டியோடு அப்படியே தரையில் படுத்துக்கொண்டார்.

ஸ்டாப்பிங்கில் வைத்துக் கொடுத்தோம் அல்லவா, மதிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பட்டது. இருபத்திரண்டு வருஷம், மழையிலும் புயலிலும் ஏற்றி இறக்கினேனே, ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை?

மறுநாள் காலை டியூட்டிக்குப் போனார். டிப்போவில் யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் வண்டியை எடுத்தார். போகும்போது வண்டி காலி. முகத்துவாரத்தில் திருப்பினார், இன்ஜினை அணைக்கவில்லை. மணி ஆறு பத்து. கிளப்பிவிட்டார்.

கண்ணாடியில் தெரிந்தது. கன்னியம்மா தலையில் கூடையும் கையில் ஒரு பையுமாக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

தாமோதரன் விசில் ஊதினான். "அண்ணா, கூடைக்காரம்மாண்ணா! நிறுத்துண்ணா!"

நிறுத்தவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார். கண்ணாடியில் அவள் சின்னதாகிக் கடைசியில் காணாமல் போனாள். போகட்டும், எனக்கு யார் நின்றார்கள் என்று வாய்க்குள் முனகிக்கொண்டார்.

அடுத்தது ஐஸ் கம்பெனி. வண்டி நின்றதுதான் தாமதம், யாரும் படியில் ஏறவில்லை. பத்துப் பதினைந்து பேர் டிரைவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் பூவாயி, ஐஸ் கம்பெனியில் பெட்டி கழுவுகிறவள்.

"ஏன்யா, உனக்கு அறிவு கீதாய்யா?" என்று ஆரம்பித்தாள். "நீயும் கண்டக்டரும் லீவு போட்டுகினு பூட்டா, பஸ்ஸ யாருயா ஓட்டுவா?"

தீனதயாளனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முந்தா நேத்து வேற ஆளு வந்தான். நேத்து பஸ்ஸே வர்ல. முகூர்த்தம், ஆளு இல்லன்னு டிரிப்ப கட் பண்ணிட்டாங்களாம். அஞ்சு மணிலருந்து பட்டுப் பொடவய கட்டிகினு நிக்கிறோம். அஞ்சு குப்பமும் நிக்கிது. வரும் வரும்னு ஒம்போது மணி வரிக்கும் நின்னோம்!"

"ஒரு போன்..." என்றார் இவர்.

"பத்திரிகயில நம்பரே இல்ல, எந்த நம்பருக்குப் போடறது? உன் பேரே பத்திரிகயப் பாத்துத்தான் தெரிஞ்சுகினோம். கன்னியம்மாதான் வூடு வூடாப் போய் எல்லாரையும் கெளப்பினா. 'அந்தாளுக்கு யாரும் இல்லபோல, ரோட்டுல நின்னு தட்ட நீட்றான், நாமதான் போவணும்'னா. பஸ்ஸு வர்லன்னதும் பாலம் தாண்டி மெயின் ரோடு வரிக்கும் நடந்தா. ஏறலாம்னா எல்லா வண்டியும் ஃபுல்லு. மத்தியானம் திரும்பி வந்தா. கால்ல கொப்பளம்."

தீனதயாளன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் டிரைவருக்கு இது தோன்றவில்லை! மண்டபம் பிடித்தார், சமையல் சொன்னார், நாற்காலி எண்ணினார். தான் ஓட்டாவிட்டால் அந்த ஜனங்களைக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. அவர்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்தது அவர்தான். காலில் கொப்புளத்தோடு ஓடி வந்தவளை இப்போது விட்டுவிட்டு வந்ததும் அவர்தான்.

ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

"தாமோதரா, பின்னாடி எறங்கிப் பாரு."

முகத்துவாரம் வரைக்கும் வண்டி திரும்ப இடம் கிடையாது. இரண்டு பக்கமும் தண்ணீர். தாமோதரன் விசில் ஊதிக்கொண்டே பின்னால் நடக்க, அரை கிலோமீட்டர் தூரம் அந்தப் பஸ்ஸைப் பின்பக்கமாகவே கொண்டுபோனார். ஜன்னலோரம் நின்ற கூட்டமும் ஏறிக்கொண்டது, ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

கன்னியம்மா ரோட்டோரம் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றதும் எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று இவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். உள்ளே ஒரு புடவை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல். பெண் வீட்டார் பெண்ணுக்குச் செய்கிற சீர்வரிசை.

தீனதயாளன் பையை மடியில் வைத்துக்கொண்டார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. கூடையைத் தூக்கிப் பின்படியில் வைத்துவிட்டு, என்ன நினைத்தாளோ, திரும்ப முன்னால் வந்தாள்.

"பொண்ணு போம்போது அழுதுச்சாய்யா?" என்று கேட்டாள்.

இதை அவரிடம் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.

"இல்லம்மா" என்றார். "அது சிரிச்சுகினேதான் போச்சு. நான்தான் வூட்டாண்ட வந்து அழுதேன்."